ஆபத்து கம்பியில் இல்லை

இந்தியாவோடு மின்கம்பி இணைத்தால் இலங்கையின் சுவிட்ச் டில்லியின் கைக்குப் போய்விடும் என்கிறார்கள். பிரதமர் மோடியின் கொழும்பு வருகையின்போது, 2025 ஏப்ரல் 5ஆம் திகதி, இரு நாட்டு மின்கட்டமைப்புகளையும் இணைக்கும் புரிந்துணர்வு உடன்படிக்கை கைச்சாத்தானதிலிருந்து இந்தப் பேச்சு ஓயவில்லை. பேச்சு பழையதுதான். மதுரையிலிருந்து அநுராதபுரம் வரை 1,000 மெகாவொட் வழி என்ற திட்டத்தோடு 2010இல் முதல் உடன்படிக்கை வந்தபோதும் இதையே சொன்னார்கள். அதன் பிறகு பதினைந்து வருடம் ஆய்வுக்கு மேல் ஆய்வாகக் கழிந்தது; ஒரு கம்பம்கூட நடப்படவில்லை. ஒருகாலத்தில் ‘இந்திய விஸ்தரிப்புவாதம்’ என்று தனி வகுப்பே எடுத்த ஜே.வி.பி.யின் தலைவர் ஜனாதிபதியாக இருக்கும்போதே இப்போது கைச்சாத்தானதால், எதிர்ப்பவர்களின் கோபம் இரட்டிப்பாகியிருக்கிறது.

அந்தக் கவலையை நான் தட்டிக்கழிக்கவில்லை. சின்ன நாடு பெரிய அயல்நாட்டோடு எதைச் செய்தாலும் ஒன்றுக்கு இரண்டு தடவை யோசிக்கத்தான் வேண்டும். ஆனால் எல்லோரும் கம்பியையே பார்த்துப் பயந்துகொண்டிருப்பதால், கழுத்தை நெரிக்கக்கூடிய ஒப்பந்த வாசகங்களை யாரும் கேட்டு வாங்கிப் படிப்பதில்லை.

சுவிட்சிலிருந்தே தொடங்குவோம். திட்டமிடப்பட்டிருப்பது உயரழுத்த நேரோட்ட வழி. அதன் இரு முனையிலும் மாற்றி நிலையம் இருக்கும். இந்தப் பக்கத்து நிலையம் எங்கள் மண்ணில், எங்கள் பொறியியலாளர் கையில். எவ்வளவு வரலாம், எவ்வளவு போகலாம் என்பதை இரு தரப்பும் இணங்கித்தான் தீர்மானிக்க முடியும். இரண்டு கட்டமைப்புகளும் தத்தம் மீடிறனில் தனித்தனியே இயங்கும்; அங்கே குழப்பம் வந்தால் அது அப்படியே இங்கே பரவாது. சுவிட்ச் பிறர் கையில் இருப்பது எப்படியிருக்கும் என்று அறிய விரும்புபவர்கள் எஸ்தோனியா, லத்வியா, லித்துவேனியா நாடுகளைப் பார்க்கலாம். அவை ஆடலோட்ட வழியில் ரஷ்யக் கட்டமைப்போடு பிணைந்திருந்தன. மீடிறனைக் காப்பதே மொஸ்கோவின் கையில் இருந்தது. அந்தப் பிடியிலிருந்து விடுபட அவை தனித்தீவுகளாகிவிடவில்லை. போலந்து வழியாக ஐரோப்பியக் கட்டமைப்போடு இணைந்தன. பெரும் செலவை ஐரோப்பிய ஒன்றியம் மானியமாகத் தந்தது. அந்த இணைப்பு நிறைவேறிய நாள் 2025 பெப்ரவரி 9.

அதே நாளில் இலங்கையில் நடந்தது எல்லோருக்கும் தெரியும். பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு ஏறியது. நாடு முழுவதும் இருண்டது. குரங்கைச் சொல்லிச் சிரித்துவிட்டுப் போய்விட்டோம், ஆனால் காரணம் குரங்கோடு முடியவில்லை. அன்று ஞாயிற்றுக்கிழமை, மின்தேவை குறைவு, நல்ல வெயில். கட்டமைப்பில் சூரிய மின்சாரத்தின் பங்கு அதிகம். அதிர்ச்சியைத் தாங்கும் சுழலும் இயந்திரங்களின் பங்கு குறைவு. ஓரிடத்தில் விழுந்த அடி நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்தின் மூன்று இயந்திரங்களையும் நிறுத்தியது. அடுத்த நாட்களில் ஒன்றரை மணி நேர மின்வெட்டு. இரண்டு மாதம் கழித்து, சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், கூரைமேல் சூரியப் பலகை வைத்திருப்பவர்கள் பகலில் அதை நிறுத்திவைக்கும்படி மின்சார சபை கேட்டுக்கொண்டது. கடன் வாங்கிப் பலகை போட்டவரிடம், வெயில் அடிக்கும்போது நிறுத்திவை என்று சொல்ல வேண்டிய நிலை. சாய்ந்துகொள்ள அயல்கட்டமைப்பு எதுவும் இல்லாத தீவின் நிலைமை இதுதான்.

சுயசார்பு போய்விடும் என்பது அடுத்த வாதம். எந்தச் சுயசார்பு? நுரைச்சோலை நிலக்கரி கப்பலில் வருகிறது. டீசலும் உலை எண்ணெயும் கப்பலில் வருகின்றன. 2022 மார்ச் இறுதியில் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டு ஏற்பட்டபோது யாரும் எங்கள் சுவிட்சை அணைக்கவில்லை. நீர்த்தேக்கங்கள் வற்றியிருந்தன, டொலர் இல்லாததால் எண்ணெய்க் கப்பல்கள் காசுக்காகத் துறைமுகத்துக்கு வெளியே காத்து நின்றன. அப்போது எரிபொருள் வாங்க 500 மில்லியன் டொலர் கடன் வசதி தந்ததும் இந்தியாதான். கம்பியே இல்லாத அந்த நாட்களில்தான் இலங்கை இந்தியாவை மிக அதிகம் நம்பி நின்றது. அதுவும் கெஞ்சும் நிலையில், எழுதி வைத்த விலையோ உரிமையோ எதுவும் இல்லாமல்.

நேபாளத்துக்கு இது நன்றாகப் புரிந்திருந்தது. 2015இல் இந்திய எல்லை முடங்கி எரிபொருள் லொறிகள் மாதக்கணக்கில் நின்றன. இந்தியா அதைத் தடை என்று ஒப்புக்கொண்டதில்லை. காத்மண்டு இன்றும் அதை மறக்கவில்லை. அந்தக் காயம் ஆறும் முன்பே, 2016 பெப்ரவரியில், இந்தியாவோடு இணைக்கும் டல்கேபர்–முசாபர்பூர் மின்வழி திறக்கப்பட்டது. குளிர்காலத்தில் நாளுக்குப் பதினாறு மணி நேரம்வரை இருளில் கிடந்த நாட்டில் மின்வெட்டு ஒழிந்தது. 2021 முதல் நேபாளம் இந்தியச் சந்தையில் மின்சாரம் விற்கிறது: மழைக்காலத்தில் விற்கிறது, குளிர்காலத்தில் வாங்குகிறது. இறக்குமதிக்கென்று போட்ட கம்பி ஐந்தாறு வருடத்தில் வருமானம் தரும் கம்பியாகவும் ஆனது.

எதிர்ப்பவர்களின் வலுவான சாட்சி வங்காளதேசம். அதை நேர்மையாகப் பார்க்க வேண்டும். ஜார்க்கண்டில் கோட்டா என்ற இடத்தில் அதானி குழுமம் கட்டிய 1,600 மெகாவொட் அனல்மின் நிலையத்தோடு டாக்கா 2017இல் இருபத்தைந்து வருட ஒப்பந்தம் செய்தது. மின்சாரம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் நிலையத்துக்கான கட்டணம் செலுத்த வேண்டும். நிலக்கரி விலை ஏறினால் அதையும் வாங்குபவரே சுமக்க வேண்டும். நிலையமும் அதற்கென்று போட்ட தனி வழியும் ஒரே குழுமத்துடையவை. நிலக்கரியை இறக்கும் துறைமுகமும் சுரங்கமும்கூட அந்தக் குழுமத்துக்கு இருந்தன. பாக்கி ஏறியது, 2024 நவம்பரில் வரத்து பாதியாகக் குறைக்கப்பட்டது. மோசமான ஒப்பந்தம், மறுப்பதற்கில்லை.

ஆனால் அதே வங்காளதேசத்துக்கு இன்னொரு வழியும் உண்டு. இந்தியாவின் பஹரம்பூரிலிருந்து பேரமாராவுக்கு 2013இல் வந்த இணைப்பு அது. ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனில் அமைந்த அந்த 500 மெகாவொட்டில் பாதி அரசுக்கு அரசு விலையிலும், மறுபாதி சந்தையில் கேள்விப்பத்திரம் கோரியும் வாங்கப்பட்டது. பின்னர் அதன் அளவு இரட்டிப்பானது. 2024 ஆகஸ்டில் ஷேக் ஹசீனா ஆட்சி கவிழ்ந்து இரு நாட்டு உறவு கசந்த பிறகும் அந்த வழி மின்சாரம் போய்க்கொண்டிருந்தது. அந்தக் கசப்பின் நடுவிலேயே, அதே ஆண்டு ஒக்டோபரில், இந்தியக் கம்பிகள் வழியே நேபாளத்தின் 40 மெகாவொட்டை வங்காளதேசத்துக்கு விற்கும் முத்தரப்பு ஒப்பந்தமும் கைச்சாத்தானது. ஒரே நாடு, ஒரே அயல்நாடு, ஒரே காலம். ஒரு வழி தொண்டையில் சிக்கியது, மற்றது வேலை செய்தது. இரண்டும் கம்பிதான், ஒப்பந்தம்தான் வேறு.

கடன் கொடுப்பவர், கட்டுபவர், விற்பவர் அல்லது வாங்குபவர் எல்லாம் ஒரே கையாக இருந்தால் மற்றக் கைக்குப் பேரம் பேச வழியில்லை. பூட்டானிலும் இதைக் காணலாம். 1980களின் சுக்கா நீர்மின் திட்டத்துக்கு இந்தியா 60 சதவீதம் மானியமும் 40 சதவீதம் கடனும் தந்தது. 2019இல் முடிந்த மங்டேச்சுவில் மானியம் 30 சதவீதமாக இறங்கி, கடன் 70 சதவீதமாக ஏறியது. புனாட்சாங்சு-1 திட்டத்தில் மலைச்சரிவு பெயர்ந்து வேலை ஆண்டுக்கணக்கில் இழுபட்டது. செலவு பல மடங்கானது. பூட்டான் இந்தியாவுக்கு மின்சாரம் விற்றுப் பிழைக்கும் நாடு. அங்கேயே இணைப்பு வரமாகவும் கடன் சுமையாகவும் ஒன்றாக இருக்கிறது.

இனி மன்னார். இணைப்பு மீதான அவநம்பிக்கையில் பாதி அங்கேதான் முளைத்தது. மன்னார், பூநகரி காற்றாலைகள் கேள்விப்பத்திரமின்றி அதானிக்குப் போயின. இந்தியப் பிரதமர் அப்போதைய ஜனாதிபதி கோட்டாபயவை வற்புறுத்தினார் என்று 2022 ஜூனில் மின்சார சபைத் தலைவர் நாடாளுமன்றக் குழு முன் சொன்னார். பிறகு அதை மறுத்தார், பதவியும் விலகினார். அதே மாதம் போட்டிக் கேள்விப்பத்திர விதியைத் தளர்த்தும் சட்டத்திருத்தம் நிறைவேறியது. அலகுக்கு 8.26 அமெரிக்க சதம் என்ற விலையைப் புதிய அரசாங்கம் குறைக்கக் கேட்டதும் 2025 பெப்ரவரியில் நிறுவனம் விலகிக்கொண்டது. இத்தனையையும் பார்த்த மக்கள் சந்தேகப்பட்டால் அது குற்றமாகாது. ஆனால் அங்கே தவறியது கேள்விப்பத்திர நடைமுறை. கடலடியில் கம்பி போட்டாலும் போடாவிட்டாலும் அந்தத் தவறு நடந்திருக்கும்.

எங்கள் காற்றும் வெயிலும் எங்களுக்குப் போதும் என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும், இணைப்பை ஆதரிப்பவர்களுக்கும் அதையே சொல்ல வேண்டும். மன்னாரில் காற்று பலமாக வீசும் மே முதல் செப்ரெம்பர் வரை தமிழ்நாட்டின் கயத்தாறிலும் முப்பந்தலிலும் அதே காற்றுதான் வீசுகிறது. மதிய வெயிலும் இரு கரைக்கும் ஒரே நேரத்தில்தான். ஆகவே தமிழ்நாட்டுக்குக் காற்று மின்சாரம் விற்றுக் கோடி கோடியாகச் சம்பாதிப்போம் என்ற கணக்கை நான் நம்பவில்லை. தென்னிந்தியக் கட்டமைப்பு 2013 கடைசி நாளில் இந்தியாவின் மற்றக் கட்டமைப்போடு இணைந்துவிட்டதால் மிச்சத்துக்கு வாங்குபவர் இல்லாமல் போகாது, அவ்வளவே. எங்களுக்கு உண்மையான நன்மை வேறு இடத்தில் இருக்கிறது. பெப்ரவரி, மார்ச்சில் மகாவலி நீர்த்தேக்கங்கள் வற்றும்போது டீசல் எரிக்காமல் தப்பலாம். ஒரு இயந்திரம் திடீரென நின்றால் சில நொடிக்குள் கைகொடுக்க ஒரு வழி இருக்கும். அதற்கும் எல்லை உண்டு. உச்சத் தேவை 2,500 மெகாவொட்டைத் தாண்டும் நாட்டில், தேவை குறைந்த நள்ளிரவில் 500 மெகாவொட்டை ஒரே வழியில் எடுத்தால் அந்த வழி அறும் நாளில் நாடே இருளும். நேரத்துக்கு நேரம் இறக்குமதி உச்சவரம்பு வேண்டும்.

உண்மையாகப் பயப்பட வேண்டிய ஒரு விதி உண்டு. எதிர்ப்பவர்கள் அதைப் பேசவே இல்லை. இந்தியாவோடு நில எல்லை உள்ள, மின்துறை உடன்பாடு இல்லாத மூன்றாம் நாட்டின் பங்கு ஒரு மின்நிலையத்தில் இருந்தால் அதன் மின்சாரத்தை இந்தியா தட்டிக்கழிக்கிறது. பேர் சொல்லாவிட்டாலும் குறி சீனாதான். சீன ஒப்பந்தக்காரர் கட்டிய 456 மெகாவொட் மேல் தாமாகோசி நீர்மின் நிலையத்தின் மின்சாரத்துக்காக நேபாளம் நீண்டகாலம் வாதாட வேண்டியிருந்தது. எங்கள் மிகப்பெரிய நிலையமான நுரைச்சோலை சீனக் கடனில் சீனர் கட்டியது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மக்களுக்கு இந்த இழுபறியின் விலை தெரியும். 2021இல் ஆசிய அபிவிருத்தி வங்கி நிதியில் அங்கே காற்று–சூரிய மின்திட்டம் ஒரு சீன நிறுவனத்துக்குக் கிடைத்தது, இந்தியா ஆட்சேபித்தது, பிறகு அது இந்திய மானியத் திட்டமானது. 2024இல்தான் வேலை இந்திய நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைக்கப்பட்டது. அதுவரை தீவுகளில் டீசல் இயந்திரம்தான் ஓடியது. விற்பனை என்று வரும்போது நிலையம் நிலையமாகப் பிரித்துப் பார்க்காமல், இலங்கைக் கட்டமைப்பை முழுதாக ஒரு விற்பனையாளராக ஏற்க வேண்டும் என்று உடன்படிக்கையிலேயே எழுதி வாங்காவிட்டால், இருவழிக் கம்பி நடைமுறையில் ஒருவழிக் கம்பியாகிவிடும்.

கடலடியில் கம்பி போகப் போவது இழுவைமடிப் படகுகள் தரையை வாரும் ஆழமற்ற கடல் வழியாக. எத்தனை ஆழத்தில் புதைப்பார்கள், எத்தனை மாதம் கடல் அடைபடும், நட்டஈடு யாருக்கு என்பதைத் தலைமன்னார் மீனவர்களிடம் இப்போதே பேச வேண்டும். காற்றாலைக்கும் கனிய மணல் அகழ்வுக்கும் எதிராக 2025 ஆகஸ்டில் மன்னார் மக்கள் தெருவில் நின்றார்கள். கேட்காமல் செய்ததன் விளைவு அது.

அரசாங்கத்திடம் கேட்க வேண்டியவை இவை: வழியைக் கட்டும் கடன் பல்தரப்பு வங்கியிலிருந்தா, இந்திய ஏற்றுமதி இறக்குமதி வங்கியிலிருந்தா? மின்சாரம் எடுக்காத மாதத்திலும் கட்டணம் உண்டா? விலை இந்தியச் சந்தை விலையா, ஒரே விற்பனையாளரின் விலையா? பிணக்கு வந்தால் எந்த நாட்டு மன்றம்? ஏப்ரல் உடன்படிக்கையின் முழு வாசகம் கையெழுத்தான கையோடு நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டிருக்க வேண்டும். அடுத்து வருவது உடன்படிக்கை அல்ல, காசு கைமாறும் ஒப்பந்தம். அதையாவது கையெழுத்துக்கு முன் சிங்களத்திலும் தமிழிலும் வெளியிட வேண்டும்.