சாட்சி யாரிடம்?

மகனைத் தேடும் தாயிடம் "சாட்சி உண்டா?" என்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் இக்கேள்வியை எத்தனை விசாரணைகளில் கேட்டுக் குறிப்பெடுத்திருக்கிறேன்! சாட்சி அவளிடமில்லை, அரசின் இடாப்புகளில் இருக்கிறது.

2011 ஜனவரியில் மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகை நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் வைத்தது கச்சேரிக் கணக்கையே. 2008 ஒக்டோபர் தொடக்கத்தில் வன்னியில் இருந்தோர் 429,059. 2009 ஜூலை 10 வரை அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தோர், ஐ.நா. கணக்கின்படி, 282,380. மிகுதி 146,679. அத்தனை பேரும் இறந்தனர் என்று ஆயர் சொல்லவில்லை; அவர்களுக்கு என்ன நேர்ந்தது என்றே கேட்டார்.

கணக்குப் பெருப்பிக்கப்பட்டது என்பார்கள். பெருப்பித்தது யார்? கச்சேரி அரசினுடையதல்லவா! ஓமந்தையிலும் செட்டிகுளம் முகாம்களிலும் எழுதிய பதிவுகளைக் கச்சேரி இடாப்புகளோடு பெயர் பெயராக ஒப்பிட்டு வெளியிடுங்கள். தாயை அதன்பின் விசாரிக்கலாம்.