ஒரு லப்ரொப், இரண்டு இயங்குதளம்: எவ்வளவு றாம் வாங்குவது?



கல்லூரியில் கணினிப் பாடம் எடுத்த பிள்ளை வீட்டுக்கு வந்து, "அப்பா, விண்டோஸும் வேணும், லினக்ஸும் வேணுமாம்" என்று சொன்னால், பெரும்பாலான வீடுகளில் உடனே எழும் கேள்வி "அப்ப இன்னொரு கொம்பியூட்டர் வாங்கவேணுமோ?" என்பதுதான். வேண்டியதில்லை. ஒரே கணினியில் இரண்டையும் வைத்திருக்கலாம். ஆனால் கடைக்குப் போனால் அங்கே ஒரு பதில் தயாராக இருக்கும். "இரண்டு ஓடவேணுமென்றால் றாமும் இரண்டு மடங்கு வேணும். முப்பத்திரண்டு போடுங்கோ." இந்தப் பேச்சு சிலருக்கு உண்மை, பலருக்கு வீண்செலவு. நீங்கள் எந்தப் பக்கம் என்பதை இந்த இதழில் பார்ப்போம்.

இங்கே வந்த முதல் சில வருடங்களில் காசு எந்த வழியால் போகிறது என்பதை யாருக்கும் சொல்லித் தரத் தேவையில்லை. வாடகை, வந்த கடன், சீட்டு, ஊருக்கு அனுப்புவது எல்லாம் போக மிஞ்சும் ஓவர்டைம் காசில்தான் பிள்ளையின் லப்ரொப். அத்துடன் 2025 ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் றாமின் விலை வேகமாக ஏறியது. செயற்கை நுண்ணறிவுக்காகக் கட்டப்படும் பெரிய கணினி நிலையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளி வாங்கியது அதற்கு முக்கிய காரணம். ஆகவே தேவைக்கு மேலே வாங்குவது முன்னரை விடவும் இப்போது பாரமானது.

மேசையும் களஞ்சியமும்

நாம் கணினி படித்தவர்கள் அல்லர். பள்ளிக்கூடத்தோடு படிப்பு முடிந்து, இங்கே ஒரு தொழிற்சாலையில் பொதி செய்யும் பகுதியில் நிற்கிறோம். ஆகவே எமக்குத் தெரிந்த வேலைத்தலத்தை வைத்தே விளங்கப்படுத்துகிறோம்.

தொழிற்சாலையில் ஒரு களஞ்சியம் இருக்கும், ஒரு வேலைமேசை இருக்கும். சாமான் எல்லாம் களஞ்சியத்தில் கிடக்கும். வேலை செய்யும்போது வேண்டியதை மட்டும் மேசைக்குக் கொண்டுவருவோம். கணினியில் களஞ்சியம் என்பது வன்தட்டு அல்லது எஸ்.எஸ்.டி. மேசை என்பது றாம். மின்சாரத்தை நிறுத்தினால் மேசை வெறுமையாகிவிடும், களஞ்சியத்தில் இருப்பது அப்படியே இருக்கும். மேசை சிறிதாக இருந்தால் கணினி நின்றுவிடாது. இடமில்லாத சாமானைத் திரும்பத் திரும்பக் களஞ்சியத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடும். "கொம்பியூட்டர் இழுபடுகுது" என்று நாம் சொல்வது பெரும்பாலும் இந்த ஓட்டத்தைத்தான்.

இப்போது இரண்டு இயங்குதளங்களுக்கு வருவோம். அவற்றை ஒரு கணினியில் வைக்க இரண்டு வழிகள் உண்டு.

முதலாவது வழியில் கணினியைத் தொடக்கும்போதே "விண்டோஸா, லினக்ஸா?" என்று கேட்கும். ஒன்றைத் தெரிவு செய்தால் மற்றது தூங்கும். இது பகல் ஷிப்ற், இரவு ஷிப்ற் மாதிரி. பகல் ஆட்கள் போனபிறகுதான் இரவு ஆட்கள் அதே மேசைக்கு வருவார்கள். ஷிப்ற் இரண்டு என்பதற்காக யாரும் மேசை இரண்டு போடுவதில்லை. இதற்கு டுவல் பூட் என்று பெயர்.

இரண்டாவது வழியில் விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதற்குள் ஒரு யன்னலில் லினக்ஸும் ஓடும். வேர்ச்சுவல்பொக்ஸ் போன்ற இலவச மென்பொருள்கள் இதைச் செய்கின்றன. இது இரண்டு ஷிப்ற் ஆட்களும் ஒரே நேரத்தில் ஒரே மேசையில் நிற்பது. மேசை பெரிதாகத்தான் இருக்கவேண்டும்.

ஆகவே இந்தக் கட்டுரையில் ஞாபகம் வைத்திருக்க வேண்டிய கணக்கு ஒன்றுதான். டுவல் பூட் என்றால் இரண்டில் பெரிய தேவையை எடுங்கள். வேர்ச்சுவல் என்றால் இரண்டையும் கூட்டுங்கள்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

விண்டோஸ் 11க்கு ஆகக் குறைந்தது 4 ஜிகாபைற் றாம் வேண்டும் என்று மைக்ரோசொப்ற் சொல்கிறது. அது ஏறுவதற்கு மட்டும் போதும், வேலை செய்வதற்குப் போதாது. பிள்ளை இணையத்தில் பத்துப் பக்கத்தைத் திறந்து, வகுப்புக்கான வீடியோக் கூட்டத்தையும் வைத்து, கட்டுரையும் எழுதினால் 6 ஜிகாபைற் அளவு போய்விடும். உபுண்டு லினக்ஸுக்கு 4 ஜிகாபைற் என்று வையுங்கள். லினக்ஸ் மின்ற் 2 ஜிகாபைற்றிலும் ஏறும், 4 இருந்தால் வசதி.

டுவல் பூட்டில் பெரியது 6. ஆகவே 8 ஜிகாபைற் உள்ள லப்ரொப்பே சமாளிக்கும், 16 இருந்தால் சில வருடங்களுக்குக் கவலையில்லை. வேர்ச்சுவலில் 6 உடன் 4 சேர்ந்தால் 10, மூச்சுவிட 2 விட்டால் 12. கடையில் அதற்கு அடுத்த வழக்கமான அளவு 16. ஆகவே 8 ஜிகாபைற் லப்ரொப்பில் விண்டோஸுக்குள் உபுண்டுவை ஓட்டினால் இரண்டுமே இழுபடும். 32 ஜிகாபைற் யாருக்கு வேண்டும்? ஒரே நேரத்தில் இரண்டு மூன்று வேர்ச்சுவல் கணினிகளை ஓட்டிப் பழகும் நெற்வேர்க் மாணவருக்கும், பெரிய வீடியோக்களை வெட்டி ஒட்டுபவருக்கும் வேண்டும். பட்டப்படிப்பின் முதலாம் வருடத்தில் நிரல் எழுதப் பழகும் பிள்ளைக்கு 16 போதும்.

இன்னொரு வழியும் இருக்கிறது. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் டபிள்யூ.எஸ்.எல். என்ற வசதி உண்டு. விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸ் கட்டளைகளைப் பழகலாம். காசு இல்லை, வன்தட்டைப் பிரிக்கும் வேலையும் இல்லை. ஆனால் இதுவும் அதே மேசையில்தான் நிற்கும். நாம் மாற்றாவிட்டால் மொத்த றாமில் பாதி வரைக்கும் எடுக்கக்கூடும். வகுப்புக்கு இது போதுமா என்று ஆசிரியரிடம் பிள்ளை முதலில் கேட்கட்டும். போதுமென்றால் ஒன்றையும் வாங்காமலே விடயம் முடிந்தது.

இருப்பதை அளந்து பாருங்கள்

வாங்குவதற்கு முன்னர் ஒரு வாரம் அளந்து பாருங்கள். விண்டோஸில் கொன்ட்ரோல், ஷிப்ற், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மனேஜர் வரும். பெர்போமன்ஸ் என்ற பகுதியில் மெமரி என்பதைத் தெரிவு செய்யுங்கள். வழக்கமான வேலைகளைச் செய்துகொண்டிருக்கும்போது எவ்வளவு பாவிக்கப்படுகிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். முக்கால்வாசியைத் தாண்டாவிட்டால் டுவல் பூட்டுக்கு இருக்கும் றாமே போதும்.

அதே இடத்தில் இன்னும் இரண்டு விடயங்கள் இருக்கும். எத்தனை இடங்களில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்று ஸ்லொற் கணக்குக் காட்டும். போம் பக்ரர் என்ற வரியில் எஸ்.ஓ.டிம் என்று இருந்தால் கழற்றி மாற்றக்கூடிய றாம். சில்லுகளின் வரிசை என்ற பொருளில் றோ ஒவ் சிப்ஸ் என்று இருந்தால் அது பலகையோடு ஈயம் வைத்து ஒட்டியது, மாற்றமுடியாது. எல்.பி.டி.டி.ஆர். என்று எழுதியிருக்கும் மெல்லிய லப்ரொப்புகள் அநேகமாக இந்த வகைதான். 2020 இன் பின்னர் வந்த அப்பிளின் சொந்தச் சில்லு உள்ள மக்புக்குகளிலும் வாங்கியபிறகு றாம் கூட்டமுடியாது. அவற்றில் விண்டோஸை டுவல் பூட்டாகப் போடவும் முடியாது.

பழைய லப்ரொப் வாங்குபவர்கள் இதை வடிவாகக் கவனிக்கவேண்டும். "இப்ப எட்டோட எடுப்பம், பிறகு கூட்டுவம்" என்று எண்ணி ஒட்டிய றாம் உள்ளதை எடுத்தால் அந்தப் பிறகு வரவே வராது. ஒட்டியதுதான் என்றால் வாங்கும்போதே 16 உள்ளதைத் தேடுங்கள்.

எந்தத் துண்டு பொருந்தும்?

லப்ரொப் றாம் ஏறத்தாழ ஏழு சென்ரிமீற்றர் நீளமான சின்னத் துண்டு. மேசைக் கணினியின் றாம் அதன் இரட்டிப்பு நீளம், லப்ரொப்புக்குள் போகாது. லப்ரொப் றாமிலும் தலைமுறைகள் உண்டு. டி.டி.ஆர். 3க்கு 204 ஊசிகள், டி.டி.ஆர். 4க்கு 260, டி.டி.ஆர். 5க்கு 262. நடுவில் உள்ள வெட்டு ஒவ்வொன்றிலும் ஒவ்வோர் இடத்தில் இருக்கும். ஆகவே ஒன்றின் இடத்தில் மற்றது இறங்காது. இறங்கவில்லையென்றால் பலம் போட்டு அழுத்தாதீர்கள்.

வேகம் வேறுபட்ட இரண்டு துண்டுகளைப் போட்டால் இரண்டும் குறைந்த வேகத்தில் ஓடும். உங்கள் லப்ரொப் தாங்காத வேகத்துக்குக் கூடுதல் காசு கொடுப்பதும் வீண். 16 வேண்டுமென்றால் எட்டு எட்டாக இரண்டு துண்டு போடுவது சற்று வேகமானது. ஆனால் 16இல் ஒரே துண்டு போட்டால் மற்ற இடம் பின்னுக்கு வெறுமையாக இருக்கும். ஏற்கனவே ஒரு எட்டு இருக்கும் வீட்டுக்கு இன்னொரு எட்டு வாங்குவதே மலிவு. ஆகக் கூடியது எவ்வளவு தாங்கும் என்பதை லப்ரொப்பின் அடியில் உள்ள மொடல் இலக்கத்தை வைத்துத் தயாரிப்பாளரின் விபரத்தில் பாருங்கள்.

றாமை விடக் களஞ்சியம் முக்கியமாகும் வீடுகளும் உண்டு. டுவல் பூட்டில் மேசையைப் பிரிப்பதில்லை, ஆனால் களஞ்சியத்துக்கு நடுவில் சுவர் எழுப்புகிறோம். விண்டோஸ் 11 ஆகக் குறைந்தது 64 ஜிகாபைற் கேட்கும். உபுண்டு 25 கேட்கும், ஐம்பதுக்கு மேல் கொடுத்தால்தான் நிம்மதி. 128 ஜிகாபைற் மட்டும் உள்ள லப்ரொப்பில் படங்களும் வீடியோக்களும் நிரம்பியிருந்தால், றாமுக்கு வைத்த காசைப் பெரிய எஸ்.எஸ்.டி.க்குக் கொடுப்பது நல்லது. பழைய வன்தட்டு உள்ளவர்களும் அப்படியே செய்யலாம். அதன் வித்தியாசம் முதல் நாளே தெரியும்.

விண்டோஸ் 10 லப்ரொப்பை வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அதற்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசொப்ற் 2025 ஒக்ரோபர் 14 உடன் நிறுத்தியது. 11க்கு ஏறாத லப்ரொப்பை எறிய வேண்டாம். 4 ஜிகாபைற் என்றால் 8 ஆக்கி, லினக்ஸ் மின்றை இரண்டாவதாகப் போட்டு, வங்கி அலுவல்களையும் மின்னஞ்சலையும் அதில் பாருங்கள். பழைய விண்டோஸை அதில் மட்டுமே ஓடும் மென்பொருளுக்கு வைத்திருக்கலாம்.

கை வைக்குமுன்

எங்கள் வீடுகளில் ஒரு லப்ரொப் என்பது பிள்ளையின் வீட்டுப்பாடம் மட்டுமல்ல. வழக்குப் பத்திரங்களின் பிரதி, பிறப்புச் சான்றிதழ், வக்கீலின் கடிதம், ஊரில் போய்விட்டவர்களின் படம் எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. றாம் மாற்றுவதால் அவை அழியாது. இரண்டாவது இயங்குதளத்துக்காக வன்தட்டைப் பிரிக்கும்போது ஒரு தவறான அழுத்தல் அழித்துவிடும். ஆகவே முதலில் எல்லாவற்றையும் வெளியே ஒரு யூ.எஸ்.பி. வன்தட்டில் பிரதி எடுத்து, அதைத் திறந்து பார்த்து உறுதி செய்து, கழற்றி அலுமாரிக்குள் வையுங்கள். விண்டோஸில் பிட்லொக்கர் பூட்டு இருந்தால் அதன் 48 இலக்க மீட்புத் திறப்பைத் தாளில் எழுதி வையுங்கள். அது இல்லாவிட்டால் உங்கள் சொந்தக் கோப்புகளையே நீங்கள் திறக்கமுடியாமல் போகலாம். பாஸ்ற் ஸ்ராட்டப் என்ற வசதியையும் நிறுத்துங்கள். அது இருந்தால் விண்டோஸ் முழுதாக அணையாது. அந்த நிலையில் லினக்ஸிலிருந்து அதன் பகுதியில் எழுதினால் கோப்புகள் பழுதடையலாம்.

றாமை நீங்களே மாற்றுவதானால் லப்ரொப்பை முழுதாக அணைத்து, மின்கம்பியைக் கழற்றி, பற்றரியையும் கழற்றுங்கள். நிலமின்னுக்குக் கை ஒரு உலோகத்தைத் தொடட்டும். துண்டைச் சரிவாக இறக்கிக் கீழே அமர்த்தினால் இரண்டு பக்கக் கொளுக்கியும் சத்தத்தோடு பிடிக்கும். முதல் தடவை சில நிமிடம் திரை கறுப்பாக நின்றாலும் பயப்பட வேண்டாம், புதிய றாமைக் கணினி பழகுகிறது. ஏறியபின்னர் விண்டோஸில் உள்ள மெமரி டயக்னொஸ்ரிக் சோதனையை ஒருமுறை ஓட்டுங்கள். குறை இருந்தால் திருப்பிக் கொடுக்கும் தவணைக்குள் தெரியவேண்டும். பற்றுச்சீட்டை எறியாதீர்கள்.

கடைக்காரரிடம் கேள்வி கேட்க எம்மவர்களுக்குப் பெரும்பாலும் கூச்சம். மொழி தடக்கும், பின்னால் வரிசை நிற்கும். ஆகவே மூன்று கேள்விகளை அந்த நாட்டு மொழியில் பிள்ளையைக் கொண்டு தாளில் எழுதுவித்துக் கொண்டுபோங்கள். இந்த லப்ரொப்பின் றாம் ஒட்டியதா, கழற்றக்கூடியதா? எத்தனை இடம், எத்தனை வெறுமை? பொருந்தாவிட்டால் எத்தனை நாளுக்குள் திருப்பி எடுப்பீர்கள்? மூன்றுக்கும் நேரான பதில் சொல்லாத கடையில் காசை வைக்காதீர்கள்.

அடுத்த இதழில், யூ.எஸ்.பி.யில் இருந்தே லினக்ஸை ஓட்டிப் பார்ப்பது எப்படி என்று எழுதுவோம். வன்தட்டைத் தொடமுன்னர் அதைப் பழகுவது எல்லோருக்கும் நல்லது.