தெருமுனையில் நிற்கும் லாரி!

வீடு கட்டப் புறப்படுவோர் வரைபடம் போடுகிறார்கள். வாயில் எங்கே, அடுப்படி எங்கே, படிக்கட்டு எங்கே என்று கோடு கிழிக்கிறார்கள். மனையடி பார்க்கிறார்கள், முகூர்த்தம் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டிய ஒன்றைமட்டும் பார்ப்பதில்லை. மணலும் ஜல்லியும் கம்பியும் ஏற்றிவரும் லாரி மனைவரை வருமா? இந்தக் கேள்வியைக் கேட்பாரில்லை!

லாரியின் அகலம் சட்டப்படி 2.6 மீட்டர் வரை இருக்கலாம். ஏறத்தாழ எட்டரை அடி. வடசென்னையின் பழைய சந்துகளிலே பத்தடி கிடைத்தால் பெரிது. அதிலும் ஒருபுறம் மின்கம்பம், மறுபுறம் சாக்கடை மூடி! மூன்று அச்சு லாரி, சரக்கோடு சேர்த்து 25 டன் எடை இருக்கலாம் என்றிருந்ததை 2018இல் 28.5 டன்னாக உயர்த்தினார்கள். வண்டி பெருத்தது, சந்து பெருக்கவில்லை.

ஆகவே லாரி தெருமுனையில் நின்றுவிடுகிறது. சுமையும் அங்கேயே நின்றுவிடுகிறதா? இல்லை. லாரியை விட்டு இறங்கி, சித்தாளின் தலையில் ஏறிக்கொள்கிறது!

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு யூனிட் மணல் என்பது 100 கன அடி. எடை நாலரை டன் அளவு. சட்டிக்கு 20 கிலோ என்று வைத்தால் 225 நடை. தெருமுனைக்கும் மனைக்கும் 100 மீட்டர் என்றால், போக நூறு, வர நூறு. மொத்தம் 45 கிலோமீட்டர்! சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடும் தூரம் சுமார் 30 கிலோமீட்டர்தான். அதைப்போல ஒன்றரை மடங்கு தூரத்தை, ஒரே ஒரு யூனிட் மணலுக்காகக் காலால் அளக்கிறார்கள். நால்வர் பகிர்ந்துகொண்டாலும் ஆளுக்குப் பதினொரு கிலோமீட்டர். அதில் பாதித் தூரம் தலையில் பாரம். ஒரு யூனிட் மணலில் எந்த வீடு எழும்பிற்று?

இந்த நடைக்குக் கூலி உண்டா? ஒப்பந்தத்தைப் பாருங்கள்: சதுர அடிக்கு இவ்வளவு என்று எழுதியிருக்கும். அகன்ற சாலைக்கும் அதே விலை, முடுக்குச் சந்துக்கும் அதே விலை. கூடுதல் தூரத்துக்கு யார் பொறுப்பு என்று கேட்டால், வீட்டுக்காரர் ஒப்பந்தக்காரரைக் காட்டுகிறார். ஒப்பந்தக்காரர் மேஸ்திரியைக் காட்டுகிறார். மேஸ்திரி சித்தாளைக் காட்டுகிறார். அவள் யாரைக் காட்டுவாள்? அவளுக்குக் கீழே மண்தான் இருக்கிறது!

ஆண் ஒருவர் சுமக்கும் பாரம் 55 கிலோவுக்கு மேற்படலாகாது, பெண்ணுக்கு அதனினும் வெகுவாகக் குறைய வேண்டும் என்று உலகத் தொழிலாளர் நிறுவனம் 1967இலேயே பரிந்துரைத்தது. ஆனால், சிமெண்டு மூட்டையை நிறுக்கத் தராசு இருக்கிறது. நாளெல்லாம் நடக்கும் நடையை நிறுக்க எந்தக் கடையில் தராசு விற்கிறார்கள்?

இன்னொரு கூட்டம் உண்டு. எப்படியாவது வண்டியை உள்ளே திணித்துவிடு என்பார்கள். “வா, வா, வரலாம்!” என்று யாரோ கையசைக்க, ஓட்டுநர் பின்னால் வருகிறார். கழிவுநீர்த் தொட்டியின் மூடி நொறுங்குகிறது; கடைக்கால் குழியின் கரை சரிகிறது; டிப்பரின் தொட்டியைத் தூக்கும்போது மேலே மின்கம்பி காத்திருக்கிறது. போவது யார் உயிர்? ஓட்டுநருடையதும் துணையாளுடையதும்தான்.

கலவை லாரியோ கடிகாரத்தோடு வருகிறது. ஆறு கன மீட்டர் கான்கிரீட்டின் எடை மட்டும் 14 டன்னுக்கு மேல். ஏற்றிய இரண்டு மணி நேரத்துக்குள் அதை இறக்கிவிட வேண்டும் என்பது ஐ.எஸ். 4926 தரவிதியின் பொது நெறி. சந்தில் சிக்கி நேரம் போனால் கலவை இறுகும். இளக்குவதற்குத் தண்ணீரை ஊற்றுவார்கள். தூணின் வலிமை அந்தத் தண்ணீரோடு போய்விடும்!

வழியில்லையா? உண்டு. வரைபடம் போடுபவர் தெருவையும் அளந்து போடட்டும். பெரிய லாரி நுழையாத இடத்துக்குச் சிறு வண்டிகளில் பிரித்துக் கொண்டுவரட்டும். கான்கிரீட் பம்பைச் சாலையிலே நிறுத்திக் குழாய் வழியே கலவையைச் செலுத்தட்டும். இளகிய மண்ணில் செங்கல் துண்டும் ஜல்லியும் கொட்டி இறுக்கட்டும். குழி எத்தனை அடி ஆழமோ, குறைந்தது அத்தனை அடியாவது வண்டி விலகி நிற்கட்டும். பின்னோக்கி வரும் வண்டிக்கு வழிகாட்ட, அதற்கென்றே ஓர் ஆள் நிற்கட்டும். அப்படியும் தலைச்சுமை தவிராதென்றால், தூரத்தை அளந்து, அதற்குரிய கூலியை ஒப்பந்தத்திலேயே தனி வரியாக எழுதட்டும்.

செலவாகுமே என்பார்கள். ஆகத்தான் செய்யும்! இன்று மட்டும் செலவில்லையா? இருக்கிறது; பணமாக அல்ல, சித்தாளின் கழுத்து எலும்பாகக் கணக்குத் தீர்க்கப்படுகிறது. அந்தக் கடனைக் காசாக மாற்றி, உரியவர் கையில் கொடுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

கட்டடத் தோழர்களே! அடுத்த வேலை பேசும்போது, கூலி எவ்வளவு என்பதற்கு முன்னால், லாரி எங்கே நிற்கும் என்று கேளுங்கள். மனையை அளக்கும் நாடா, முதலில் தெருவை அளக்கட்டும்!