நூறு ரூபாய் தள்ளுபடியும் நானும்

சகோதரிகளே, போன மாதம் நான் செய்த அசட்டுத்தனத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், சிரித்துக்கொள்ளுங்கள்.

செல்போனில் சாமான் வாங்க உட்கார்ந்தேன். பருப்பு, சலவை சோப்பு, ஷாம்பு எல்லாம் சேர்த்து 340 ரூபாய். "499 ரூபாய்க்கு மேல் வாங்கினால் 100 ரூபாய் தள்ளுபடி" என்று ஒரு கூப்பன் கண்ணில் பட்டது. விடுவேனா? பிஸ்கட்டும் வாசனை மெழுகுவர்த்தியும் சேர்த்து 505 ஆக்கினேன். தள்ளுபடி போக 405. "நூறு ரூபாய் மிச்சம்!" என்று பெருமையடித்தேன். வீட்டுக்காரர் நிதானமாக, "340லே முடிஞ்சிருக்குமே" என்றார். எனக்கு வாயடைத்துப் போச்சு. மெழுகுவர்த்தி இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது.

இப்போதெல்லாம் முதலில் காகிதத்தில் பட்டியல் எழுதி, தெருமுனைப் பலசரக்குக் கடை விலையையும் பக்கத்தில் குறித்துக்கொள்கிறேன். அப்புறம்தான் போனைத் தொடுவது. பணம் கட்டுமுன் கூப்பன் என்று ஓர் இடம் வரும். அதைத் தொட்டால் அன்றைக்கு உள்ளவை தெரியும். வெளியே தேடிப் பிடிக்கும் கோடுகளில் பல காலாவதியானவை. சில முதல் தடவை வாங்குவோருக்கு மட்டும், சில குறிப்பிட்ட பாங்க் கார்டுக்கு மட்டும். டெலிவரிக் கட்டணம், அந்தக் கட்டணம், இந்தக் கட்டணம் எல்லாம் சேர்ந்து கடைசியில் வருகிற தொகைதான் நிஜ விலை. என் நோட்டுக் கணக்கில் பருப்பு பெரும்பாலும் தெருமுனைக் கடையில்தான் மலிவு. சோப்பும் பேரக் குழந்தையின் டயபரும் போனில்.

"இன்னும் 5 நிமிஷம்தான்" என்று பொய்யாக அவசரப்படுத்துவதும், நாம் கேட்காத பொருளைக் கூடையில் நுழைப்பதும் கூடாது என்று 2023லேயே மத்திய அரசு விதி போட்டிருக்கிறது. அப்படி நடந்தால் 1915க்குப் போன் செய்து புகார் சொல்லலாம்.

இனி சொல்லப்போவது சிரிப்பதற்கில்லை. எங்கள் தெருவிலிருந்து விடியற்காலை ஜீப்பில் ஏலத்தோட்டத்துக்குக் காய் பறிக்கப் போகிற அக்கா ஒருவர். "உங்களுக்குக் கூப்பன்லே 2,000 ரூபாய் விழுந்திருக்கு, ரகசிய எண்ணைப் போட்டா கணக்கிலே ஏறிடும்" என்று யாரோ போனில் சொல்லியிருக்கிறார்கள். போட்டார். பணம் ஏறவில்லை, கணக்கில் இருந்த வாரக் கூலி போய்விட்டது. வெட்கப்பட்டுக்கொண்டு மூன்று நாள் யாரிடமும் சொல்லவில்லை. அன்றே 1930க்குப் பேசியிருந்தால், பணத்தைத் தடுத்து நிறுத்த வழி இருந்திருக்கும். பணம் கொடுக்கத்தான் அந்த எண் வேண்டும். வாங்க வேண்டவே வேண்டாம். வீட்டில் போன் வைத்திருக்கிற எல்லாரிடமும் இதைச் சொல்லிவையுங்கள், முக்கியமாக மாமியார்களிடம்.

499 எட்டாவிட்டால் என்ன செய்வது என்கிறீர்களா? நான் கூட்டுச் சேர்ந்துவிட்டேன். போடிமெட்டில் இருக்கும் எங்கள் மதினியின் பட்டியலும், அந்த அக்காவின் தேங்காயெண்ணெயும் இந்த மாதம் என் பட்டியலோடு சேர்ந்தன. மொத்தம் 612, தள்ளுபடி போக 512. மிச்சத்தை அவரவர் தொகைக்குத் தக்கபடி பிரித்தோம். மதினியின் பை நாளைக் காலை ஜீப்பில் மேலே ஏறும்.