மீட்டர் பல்பை மாற்றும் முன்

1996-இல் தயாரிப்பு நின்றுபோன யமஹா ஆர்எக்ஸ் 100-ஐ, அந்தத் தயாரிப்பு நின்றபோது பிறந்தேயிராத இளைஞர்கள் இன்று தேடிப்பிடித்து வாங்குகிறார்கள். பழைய புல்லட்டுக்கும் யெஸ்டிக்கும் அதே மவுசு. இப்படி வாங்குபவர் முதலில் இன்ஜினைப் பார்ப்பார். அடுத்துப் பெயின்டைப் பார்ப்பார். பிறகு ஒருநாள் இரவில் ஓட்டும்போதுதான் ஸ்பீடோமீட்டர் முள் எங்கே நிற்கிறது என்றே தெரியவில்லை என்பது அவருக்கு உறைக்கும். மறுநாளே எல்இடி பல்பு வாங்கிவந்து மாட்டுவார். சென்னைப் புதுப்பேட்டையிலும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் இந்த பல்புகள் கைப்பிடியளவு பொட்டலங்களில் மலிவாகக் கிடைக்கின்றன. வாகன மின்னியல் சொல்லிக்கொடுப்பதையே தொழிலாகக் கொண்டிருந்தவன் என்ற முறையில் இந்தப் பழக்கத்தின் மீது எனக்கு ஒரு மனக்குறை உண்டு. எல்இடி கூடாது என்பதல்ல என் கட்சி. பல்பு என்பது வெளிச்சம் தரும் பொருள் மட்டுமே என்று நினைத்து மாற்றுகிறோம். பழைய வண்டியில் அது மின்சுற்றின் ஓர் உறுப்பும்கூட. அதைப் பார்க்காமல் மாற்றினால் ஒரு குறை தீர்ந்து இன்னொரு குறை முளைக்கும்.

முதல் கேள்வி, வெளிச்சம் ஏன் குறைந்தது என்பது. பல்பு பழசாகிவிட்டது என்பதே எல்லோரும் சொல்லும் பதில். அது பெரும்பாலும் தவறு. இழை பல்பின் வெளிச்சம் மின்னழுத்தத்தோடு நேர்விகிதத்தில் ஏறி இறங்குவதில்லை. ஏறக்குறைய அதன் மூன்றரை அடுக்குக்கு ஏற்ப மாறுகிறது. ஓடும் வண்டியில் 13.5 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 12.5 வோல்ட் வந்தால், அந்த ஒரு வோல்ட் இழப்புக்கே வெளிச்சத்தில் கால்பங்கு போய்விடும். 11.5 வோல்ட் என்றால் பாதியைவிடச் சற்றே அதிகம் மிஞ்சும். அந்த ஒன்றிரண்டு வோல்ட் எங்கே போகிறது? ஹோல்டரின் பித்தளை நாக்கில் படிந்த பச்சைக் களிம்பில் போகிறது. கழுத்து திரும்பித் திரும்பி உள்ளே நைந்துபோன ஒயரில் போகிறது. எல்லாவற்றையும்விட எர்த்தில் போகிறது.

எர்த் விஷயத்தில் ஒரு வேடிக்கை உண்டு. வண்டியைப் புதுப்பிக்கிறேன் என்று பிரேமையும் பிராக்கெட்டையும் பவுடர் கோட்டிங் செய்து பளபளவென்று கொண்டுவருகிறார்கள். அந்தப் பூச்சு மின்சாரத்தைக் கடத்தாது. போல்ட் இறுக்கும் இடத்தில் பூச்சைச் சுரண்டி இரும்பு தெரியும்படி செய்யாவிட்டால், புதுப்பிக்கப்பட்ட வண்டிக்குப் பழைய வண்டியைவிட மோசமான எர்த் அமைந்துவிடும். சோதிப்பது எளிது. பேட்டரியில் எரியும், மீட்டரின் எர்த் ஒயரையே பயன்படுத்தும் ஒரு விளக்கை எரியவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவிலும் மறுமுனையை மீட்டருக்குப் பின்னால் எர்த் ஒயர் முடியும் இடத்திலும் வையுங்கள். பூஜ்யத்தை ஒட்டி நிற்கவேண்டிய அளவு அரை வோல்ட்டைத் தாண்டினால் குற்றவாளி பல்பு அல்ல. மெல்லிய எமரித் தாளால் ஹோல்டர் நாக்கைத் தேய்த்து, நாக்கைச் சற்றே நிமிர்த்தி, எர்த்துக்கு பேட்டரியிலிருந்து நேராக ஒரு தனி ஒயர் இழுத்தால், பழைய பல்பே புது வெளிச்சம் கொடுப்பதைப் பார்க்கலாம். மீட்டரைத் திறக்கும் துணிவிருந்தால் உள்சுவரையும் பாருங்கள். வெள்ளையாக இருந்தது மஞ்சளாகியிருக்கும். அந்த வெள்ளைதான் வெளிச்சத்தை டயல் முழுக்கப் பரப்பியது.

அந்த உள்சுவரைச் சொல்லக் காரணம் இருக்கிறது. கோவையில் 1970-களில் மீட்டர் தயாரிக்கத் தொடங்கிய பிரிக்கால் உட்பட, அந்தக் காலத்து மீட்டர் தயாரிப்பாளர்கள் எல்லோரும் இழை பல்பை மனத்தில் வைத்தே கூட்டை வடிவமைத்தார்கள். இழை எல்லாப் பக்கமும் ஒளி வீசும். அது சுவரில் பட்டுத் திரும்பி டயலின் ஓரம்வரை சேரும். நெற்றியில் மட்டும் சில்லு பதித்த எல்இடியை அதே துளையில் செருகினால் நேரெதிரே கண்ணைக் கூசும் ஒரு வட்டமும் ஓரங்களில் இருட்டும்தான் மிஞ்சும். 40-இலும் 60-இலும் எண்கள் பளிச்சிட, 20-உம் 100-உம் காணாமல்போன டயல்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பக்கவாட்டிலும் சில்லுகள் உள்ளவற்றைத் தேர்ந்தெடுத்தால் இந்தக் குறை பெருமளவு தீரும்.

கண்ணைப் பற்றியும் பேசவேண்டும். மங்கிய ஒளியில் பார்க்க உதவும் விழித்திரைச் செல்கள் நீலப்பச்சை ஒளிக்கே அதிகம் கூருணர்வு கொண்டவை. ஏறத்தாழ 507 நானோமீட்டர் அவற்றின் உச்சம். கண் முழுமையாக இருளுக்குப் பழக அரைமணி நேரம்வரை ஆகும். அதைக் கலைக்கச் சில நொடிகள் போதும். கடையில் ‘ஐஸ் ப்ளூ’ என்று விற்கும் பல்பு இரவில் எதைச் சீண்டும் என்பது இதிலிருந்தே புரியும். இதற்கு ஒரு மறுப்பு சொல்வார்கள்: ஹெட்லைட் போட்டு ஓட்டும்போது கண் எப்படியும் முழு இருளுக்குப் பழகுவதில்லை, மீட்டர் விளக்கு மட்டும் என்ன கெடுத்துவிடும் என்று. மறுப்பில் நியாயம் இருக்கிறது. ஆனால் என் கவலை முழு இருள் பற்றியது அல்ல. ஹெல்மெட் கண்ணாடியில் கீழிருந்து மேலாக விழும் நீலப் பிரதிபலிப்பு, தெருவிளக்கில்லாத சாலையில் ஓரமாக நடந்துவருபவரை மறைக்கிறது. வயதாகும்போது கண்வில்லை ஒளியைச் சிதறடிப்பதும் கூடுகிறது. பழைய வண்டிகளை வைத்திருப்பவர்களில் என் வயதுக்காரர்களும் கணிசம். ஆகவே பின்னொளிக்கு எல்இடி என்றால் மஞ்சள் சாயல் கொண்ட வெள்ளையே நல்லது. அதுவும் பார்வைக்குப் போதுமான அளவில்.

எச்சரிக்கை விளக்குகளில் நிறம் இன்னும் கறாராக வேலை செய்கிறது. பழைய வண்டியில் நிறம் பல்பில் இல்லை, முன்னாலிருக்கும் கண்ணாடித் துண்டில் இருக்கிறது. இழையின் ஒளியில் சிவப்பு மிகுதி, நீலம் கொஞ்சம். வெள்ளை எல்இடியில் நிலைமை தலைகீழ். அது அடிப்படையில் நீலச் சில்லின் மேல் பூசிய மஞ்சள் பூச்சு. அதனால் வெள்ளை எல்இடியைச் சிவப்புக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்தால் ஆயில் விளக்கு மங்கி நிற்கும். அதையே நீலக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்தால் ஹை பீம் விளக்கு ஊசியாய்க் குத்தும். எது கண்ணில் பட்டே ஆகவேண்டுமோ அது மங்குகிறது. எது அடக்கமாக இருக்கவேண்டுமோ அது ஆர்ப்பரிக்கிறது. சிவப்புக்குச் சிவப்பு, பச்சைக்குப் பச்சை என்று கண்ணாடியின் நிறத்திலேயே எல்இடி வாங்கவேண்டும். இன்னொரு சங்கடமும் உண்டு. நியூட்ரல் சுவிட்சில் அழுக்கும் ஈரமும் சேர்ந்து மின்சாரம் துளித்துளியாகக் கசிந்தால் இழை பல்பு அதைக் கண்டுகொள்ளாது. எல்இடி அந்தத் துளிக்கே மினுங்கும். கியரில் இருக்கும் வண்டியை நியூட்ரலில் இருப்பதாகக் காட்டும் விளக்கு, விளக்கே இல்லாததைவிட ஆபத்து.

இண்டிகேட்டர் விளக்குதான் பலரையும் திணறடிப்பது. இடம், வலம் இரண்டுக்கும் சேர்த்து மீட்டரில் ஒரே விளக்கு உள்ள வண்டிகளில் பெரும்பாலும் அந்த பல்புக்கு எர்த்தே கிடையாது. ஒரு கால் இடப்பக்க ஒயரில், மறு கால் வலப்பக்க ஒயரில். இடது இண்டிகேட்டரைப் போட்டால் மின்சாரம் மீட்டர் பல்பின் வழியே வலப்பக்க ஒயருக்குச் சென்று, அங்குள்ள இண்டிகேட்டர் பல்புகளின் இழை வழியாக எர்த்தை அடைகிறது. 3 வாட் பல்பு இழுப்பது கால் ஆம்பியர்தான்; 10 வாட் பல்புகள் இரண்டை எரியவைக்க அது போதாது. எனவே வலப்பக்கம் இருட்டாகவே இருக்கும். ஒரே பல்பில் இரண்டு வேலையை முடித்த சிக்கனமான ஏற்பாடு; வடிவமைத்தவரைப் பாராட்டத்தான் தோன்றுகிறது.

இதில் எல்இடி நுழைந்தால் கதை மாறுகிறது. எல்இடிக்குத் திசை உண்டு. மீட்டரில் மட்டும் சாதாரண எல்இடி போட்டால் இடப்பக்கம் திரும்பும்போது எரியும், வலப்பக்கம் எரியாது. எரியாத பக்கத்துக்காகக் கழற்றித் திருப்பிச் செருகினால் மறுபக்கம் அணையும். சரியென்று நான்கு இண்டிகேட்டர்களையும் எல்இடி ஆக்கிவிட்டு மீட்டரில் பழைய பல்பை வைத்தால், அதன் வழியே வரும் சின்ன மின்னோட்டமே எதிர்ப்பக்க எல்இடிகளை எரியவைத்துவிடும். நான்கும் சேர்ந்து சிமிட்டும். பின்னால் வரும் லாரிக்காரருக்கு நீங்கள் எந்தப் பக்கம் திரும்பப்போகிறீர்கள் என்று தெரியாது. ஃபிளாஷரைக் குறைசொல்லி அதை மாற்றுவார்கள். எல்இடியின் குறைந்த சுமைக்கு மின்னணு ஃபிளாஷர் வேண்டும் என்பது உண்மைதான், ஆனால் அது இந்தச் சிக்கலைத் தீர்க்காது. தீர்வு, சென்னை ரிச்சி தெருவில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் இரண்டு 1என்4007 டயோடுகள். இடப்பக்க ஒயரிலிருந்து ஒன்று, வலப்பக்க ஒயரிலிருந்து ஒன்று. வெள்ளைக் கோடு போட்ட முனைகள் இரண்டையும் சேர்த்து விளக்கின் ஒரு காலுக்கும், மறு காலை எர்த்துக்கும் கொடுத்தால் முடிந்தது.

மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதும் முக்கியம். நம் நாட்டின் பழைய சிறு வண்டிகள் பலவற்றில் ஹெட்லைட், டெயில் லைட், மீட்டரின் பின்னொளி ஆகியவை பேட்டரியைத் தொடுவதேயில்லை. அவற்றுக்கு மின்சாரம் மேக்னெட்டோ காயிலிலிருந்து மாறுதிசை மின்னோட்டமாக நேரே வருகிறது. ஆக்சிலரேட்டரை முறுக்கினால் வெளிச்சம் கூடுவதும் சிக்னலில் நின்றால் மங்குவதும் அதனால்தான். இந்தச் சுற்றில் சாதாரண எல்இடி அரைச் சுழற்சிக்கு மட்டும் எரிந்து துடிக்கும். எதிர் அரைச் சுழற்சியின் அடியையும் வாங்கும். சில வண்டிகளில் ஹெட்லைட் பல்பு போனால் சுமை குறைந்து மின்னழுத்தம் எகிறி, டெயில் லைட்டும் மீட்டர் பல்பும் பின்னாலேயே போவதைப் பழைய மெக்கானிக்குகள் அறிவார்கள். அந்த அடிக்கு மலிவான எல்இடி தாங்காது. உள்ளே பிரிட்ஜ் ரெக்டிஃபையர் உள்ள வகையை வாங்கலாம், அல்லது பின்னொளியை மட்டும் பேட்டரிச் சுற்றுக்கு மாற்றலாம்.

பல்பு சுற்றின் உறுப்பு என்பதற்கு மிகத் தெளிவான சான்று ஜெர்மனியிலிருந்து. 1969-இல் வந்த பிஎம்டபிள்யூ /5 வரிசையிலிருந்து காற்றுக் குளிர்விப்பு பாக்ஸர் வண்டிகளில் சார்ஜிங் எச்சரிக்கை விளக்கு வழியாகத்தான் ஆல்டர்னேட்டரின் காந்தச் சுருளுக்குத் தொடக்க மின்னோட்டம் போகிறது. அந்தச் சிறு பல்பு பியூஸ் ஆனால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்யத் தொடங்காமலே போகலாம். அங்கே எல்இடி மாட்டினாலும் அதே கதிதான், இணையாக ஒரு ரெசிஸ்டர் கொடுத்தாலொழிய. அந்த இடத்தில் இழை பல்பை விட்டுவைப்பதே விவேகம்.

இவ்வளவு சொன்னதால் எல்இடியின் நன்மைகளை மறைப்பதாக எண்ணவேண்டாம். ஒற்றைச் சிலிண்டர் வண்டியின் அதிர்வில் இழை அறுவது தீராத தொல்லை. எல்இடிக்கு அறுந்துபோக இழையே இல்லை. நான்கு 3 வாட் பல்புகள் சேர்ந்தால் ஓர் ஆம்பியர். சிறிய பேட்டரிக்கு அது சுமை. வெப்பமும் குறைவு. ஒரே அளவு அடிப்பாகம் கொண்ட ஆப்பு வகை பல்பில் 3 வாட்டும் 5 வாட்டும் கிடைப்பதால், வெளிச்சம் வேண்டுமென்று 5 வாட் செருகி டயலை உப்பவைத்தவர்கள் உண்டு. எல்இடியில் அந்த ஆபத்து இல்லை. அசல் தன்மை கெடும் என்ற வாதத்தை மட்டும் என்னால் முழுமையாக ஏற்க இயலவில்லை. 50 ஆண்டு கடந்து அசல் வடிவில் பேணப்படும் வண்டிகளை ‘விண்டேஜ்’ என வரையறுத்து 2021-இல் மத்திய அரசு விதி வகுத்தது. ஆனால் ஒயரை வெட்டாமல், ஹோல்டரை மாற்றாமல் செருகிய பல்பை எப்போது வேண்டுமானாலும் கழற்றிவிடலாம். ஒயரிங்கை வெட்டி ஒட்டுவதுதான் அசலைக் கெடுக்கும்.

விற்பவர்களிடம் எனக்கொரு வேண்டுகோள் உண்டு. பொட்டலத்தின் மேல் ‘சூப்பர் பிரைட்’ என்று அச்சிடும் இடத்தில் மூன்று விவரங்களை அச்சிடுங்கள்: நேர்மின்னோட்டத்துக்கு மட்டுமா, மாறுதிசை மின்னோட்டத்துக்குமா; திசை பார்த்துச் செருகவேண்டுமா, வேண்டாமா; எந்த நிறக் கண்ணாடிக்குப் பொருந்தும். வண்டிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை: எல்இடி வாங்கப் போகும் முன் எமரித் தாளையும் மல்டிமீட்டரையும் எடுத்துக்கொண்டு எர்த்தைப் பாருங்கள். அதன் பிறகும் டயல் மங்கலாக இருந்தால் தாராளமாக மாற்றுங்கள்.

- கட்டுரையாளர், ஓய்வுபெற்ற வாகன மின்னியல் விரிவுரையாளர்.