நெய்தவள் பெயர் என்ன?

கலைப்பொருள்களைச் சேகரிப்பது நாகரிகத்தின் அடையாளம் என்பர். அதனை நாம் மறுக்கவில்லை. சேகரிப்போர் இல்லாதிருந்தால் அரும்பொருள்கள் பல அழிந்தொழிந்திருக்கும் என்பதும் உண்மையே. ஆயினும் சேகரிப்பதற்கும் ஓர் அறம் உண்டு. அவ்வறம் தவறும்பொழுது சேகரிப்பு சூறைக்கு உடன்பிறப்பாகிவிடுகிறது. இதற்கு ஆப்கானிஸ்தானத்துப் போர்க்கம்பளங்களைக் காட்டிலும் தெளிவான சான்று வேறில்லை என்பது நம் துணிபு.

சில ஆண்டுகளுக்கு முன் தலைநகரில் அன்பர் ஒருவர் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். கூடத்துச் சுவரில் மூன்றடி நீளமும் இரண்டடி அகலமும் உள்ள கம்பளம் ஒன்று தொங்கிற்று. எட்ட நின்று நோக்கியபோது, கருஞ்சிவப்பு உடலும் நீலக் கரையும் கொண்ட வழக்கமான பலூச்சிக் கம்பளமாகவே தோன்றியது. அருகில் சென்றபோதுதான் உண்மை விளங்கிற்று. பூவரிசை என்று நாம் கருதியது டாங்கிகளின் வரிசை. பறவைகள் என்று கருதியவை ஹெலிகாப்டர்கள். கொடியில் பழங்களைப்போலத் தொங்கியவை கையெறி குண்டுகள். அன்பர் அதன் வரலாற்றைப் பெருமிதத்தோடு எடுத்துரைத்தார். எந்த நகரில் வாங்கியது, எவ்வளவு நேரம் பேரம் பேசியது, இன்று விற்றால் என்ன விலை பெறும் என்பன யாவும் அவருக்கு மனப்பாடம். அனைத்தையும் கேட்டபின், “இதை நெய்தவர் யார்?” என்று வினவினோம். அன்பர் நகைத்தார். “அது யாருக்குத் தெரியும்? யாரோ ஒரு மலைநாட்டுப் பெண்” என்றார். அந்த ‘யாரோ’ என்னும் சொல்லோடு வழக்காடவே இக்கட்டுரை எழுந்தது.

முதற்கண் இக்கம்பளங்களின் வரலாற்றைச் சுருக்கமாக நோக்குவோம். 1979 டிசம்பரில் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானத்தில் புகுந்தன; 1989 பிப்ரவரி 15-ஆம் நாளன்று கடைசிப் படைப்பிரிவு வெளியேறிற்று. இடைப்பட்ட ஆண்டுகளில் பல இலட்சம் மக்கள் பாகிஸ்தானத்திற்கும் ஈரானுக்கும் அகதிகளாக ஓடினர். அக்காலத்தில்தான், மேற்கே ஹிராத்தைச் சூழ்ந்த பகுதிகளின் பலூச்சியர், வடக்கே துருக்மேனியர் முதலானோர் நெய்த கம்பளங்களில் போர்க்கருவிகள் இடம்பெறலாயின. பெஷாவரின் கடைத்தெருக்களிலும் அவை விலைக்கு வந்தன. பலவற்றில் பாவும் ஊடையும் ஆட்டு மயிரே. தறியோ தரையில் கிடத்தி நெய்யும் எளிய தறி. குடி பெயரும்போது சுருட்டி எடுத்துச் சென்று, கூடாரம் அடித்த இடத்தில் மீண்டும் விரித்துக்கொள்ளலாம். நெய்வோர் பெரும்பாலும் பெண்களும் சிறுமியரும். அகதி முகாம்களில் ஆடவரும் சிறுவரும் நெய்ததுண்டு.

அன்பர் இல்லத்துக் கம்பளத்தையே கணக்கிட்டுப் பார்ப்போம். மூன்றடிக்கு இரண்டடி என்றால் 864 சதுர அங்குலம். சதுர அங்குலத்திற்கு 80 முடிச்சு என்று மட்டாகக் கொண்டாலும் 69,120 முடிச்சுகள் ஆகின்றன. ஒவ்வொன்றும் தனித்தனியே விரலால் முடிந்து, கத்தியால் அறுக்கப்பட்டது. அறுபத்தொன்பதாயிரம் முறை ஒரு பொருளைத் தொட்டவரை ‘யாரோ’ என்பதும், ஒருமுறை பணம் கொடுத்தவரை ‘உடையவர்’ என்பதும் எந்த நியாயத்தின்பாற்படும்?

இக்கம்பளங்களைப் பற்றிப் பேசுவோர் இருதிறத்தார். இருவர் கூற்றையும் நாம் மறுக்கின்றோம்.

முதல் திறத்தார் மரபுக் காவலர். டாங்கியும் துப்பாக்கியும் கம்பளக் கலைக்கு நேர்ந்த இழுக்கு என்பதும், இவை சுற்றுலாப் பயணியருக்காகச் செய்த மலிவுச் சரக்கு என்பதும் இவர்தம் வாதம். இவர்கள் மரபு என்பதை உறைந்து கிடக்கும் பனிக்கட்டியாகக் கருதுகின்றனர். 1929-இல் அரியணை துறந்த மன்னர் அமானுல்லாவின் உருவத்தையும் கம்பளத்தில் நெய்த நாடு அது. ஒட்டகத்தையும் மரத்தையும் மசூதியையும் நெய்த கை, தலைக்கு மேல் நாள்தோறும் ஹெலிகாப்டர் பறக்கும்போது அதை மட்டும் காணாததுபோல் இருக்க வேண்டுமோ? பாரசீக மொழியில் கையெறி குண்டுக்கு ‘நாரஞ்சக்’ என்று பெயர். ‘சிறு நாரங்கம்’ என்பது பொருள். நம் நாரத்தையோடு உறவுடையதென மொழிநூலார் கருதும் சொல் அது. குண்டைக் கனியின் பெயரால் அழைத்த மக்கள், கனி தொங்க வேண்டிய கொடியில் குண்டைத் தொங்கவிட்டதில் வியப்பு என்ன? எண்கோணப் பதக்கங்களின் இடத்தில் டாங்கிகளை அமைத்து, கரையின் ஒழுங்கும் நிறத்தின் இசைவும் கெடாமல் நெய்து முடிப்பது எளிய செயல் அன்று. அதனை இழுக்கு என்போர் தறியருகே ஒருநாளும் அமர்ந்தறியாதவர்.

இரண்டாம் திறத்தார் உருகுவோர். இவர்களே இன்று பெரும்பான்மையினர். ஒவ்வொரு ஹெலிகாப்டரையும் ஒரு தாயின் கண்ணீர் என்றும், ஒவ்வொரு டாங்கியையும் அடக்குமுறைக்கு எதிரான குரல் என்றும் இவர்கள் விளக்கமெழுதுவர். கேட்பதற்கு இனிமையான விளக்கமே. ஆயினும் அதை எந்தத் தாய் இவர்களிடம் கூறினாள்? 2001-க்குப்பின் பெருகிய கம்பள வகை ஒன்றைக் காண்க. நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்கள், அவற்றின்மேல் மோதும் விமானங்கள், கீழே அமெரிக்க, ஆப்கானியக் கொடிகள், நடுவே ஒரு வெண்புறா ஆகியவை அதில் உள்ளன. கொடிகளும் புறாவும் அமெரிக்கப் படையினர் வானிலிருந்து வீசிய துண்டு அறிக்கையிலிருந்து எடுக்கப்பட்டவை என்று ஆய்ந்தோர் காட்டியுள்ளனர். ஒரே வரைபடம் தறிக்குத் தறி படியெடுக்கப்பட்டது. ஆங்கில எழுத்துகள் இடவலம் மாறியும் குழம்பியும் நெய்யப்பட்டிருப்பதைக் காணும்போது, நெய்தவருக்கு அம்மொழி தெரியாது என்பது வெள்ளிடைமலை. எது விற்கும் என்பதை வணிகர் அறிவர். வணிகர் சொன்னது தறிக்கு வந்தது. இத்தகைய கம்பளத்தை நெஞ்சின் ஓலம் என்று வருணிப்பது, கூலிக்கு எழுதிய கடிதத்தைக் காதற்கடிதம் என்று கொண்டாடுவது போன்றதாகும்.

அவ்வாறாயின் இவற்றில் நெய்தவரின் மனம் அறவே இல்லையோ எனின், அதுவும் பொருந்தாது. சோவியத் படைகள் வெளியேறியதைக் காட்டும் கம்பளங்களில் நாட்டின் எல்லைக்கோடு வரைபடமாக நிற்க, டாங்கிகள் வடக்கு நோக்கி வரிசையாகச் செல்கின்றன. படி ஒன்றே எனினும் ஒரு கம்பளத்தில் டாங்கிகளின் ஊடே பூக்கள் முளைக்கின்றன. மற்றொன்றில் அவை இல்லை. அப்பூக்களை இட்டவள் வெற்றிக் களிப்பில் இட்டாளா, வெற்றிடத்தை நிரப்ப இட்டாளா, எஞ்சிய நூலைத் தீர்க்க இட்டாளா? விடை அவள் ஒருத்திக்கே தெரியும். சேகரித்தவர் அவளைக் கேட்கவில்லை. இடைத்தரகரையும் கேட்கச் சொல்லவில்லை. கேளாமலே அவள் சார்பில் பேசத் துணிகின்றனர். மரபுக் காவலர் அவளுடைய திறனை மறுக்கின்றனர். உருகுவோரோ அவளுடைய வாயையே தமதாக்கிக் கொள்கின்றனர். இவற்றுள் பின்னதே கொடிது என்போம்.

பெயர் என்பது எத்துணை மதிப்புடையது என்பதை இதே நாட்டில் நிகழ்ந்த வேறொன்று காட்டும். இத்தாலியக் கலைஞர் அலிகியேரோ பொயெட்டி 1971-இல் காபூலுக்கு வந்தார். உலகப் படங்களைத் துணியில் வரைந்து கொடுத்து, ஆப்கானியப் பெண்களைக்கொண்டு பூத்தையல் இடச்செய்தார். போர் மூண்டபின் பெஷாவரில் இருந்த அகதிப் பெண்கள் அவ்வேலையைத் தொடர்ந்தனர். 1994-இல் அவர் மறையும் வரை இப்பணி நடந்தது. அப்படங்கள் இன்று ஏலத்தில் பல இலட்சம் டாலருக்கு விலைபோகின்றன. கடலுக்கு இன்ன நிறம் என்னும் வழக்கத்தை மீறி, இளஞ்சிவப்பிலும் மஞ்சளிலும் கடலைத் தைத்த துண்டுகள் உண்டு; அந்நிறத் தேர்வைத் தைத்தோரிடமே விட்டதாகவும் கூறுவர். எனினும் ஏலப் பட்டியலில் நிற்பது ஒரு பெயரே. போர்க்கம்பளத்திற்கோ அந்த ஒரு பெயரும் இல்லை. ஐரோப்பியர் கைபட்டால் கலைஞர் பெயர், ஆப்கானியப் பெண் கைபட்டால் இனத்தின் பெயர் என்பதே சந்தையின் இலக்கணம் போலும்! ‘பலூச்சி, மேற்கு ஆப்கானிஸ்தானம், ஏறத்தாழ 1985’ என்ற அருங்காட்சியக அட்டையை எத்தனை கூடங்களில் நாம் கண்டிருக்கிறோம்! இடமும் காலமும் இனமும் எழுதப்பட்டன, ஆள் எழுதப்படவில்லை.

இங்கே ஒரு தடை எழுப்புவர். ‘அந்நாட்டில் பெண்ணின் பெயரை அயலார்முன் உரைப்பது வழக்கமன்று, அவ்வழக்கத்தை மதித்தே யாம் பெயர் கேளாதிருந்தோம்’ என்பர். இவ்வாதத்திற்கு விடை கூற நாம் வேண்டுவதில்லை. ஆப்கானியப் பெண்களே கூறிவிட்டனர். 2017-இல் ‘என் பெயர் எங்கே?’ என்னும் முழக்கத்தோடு ஓர் இயக்கத்தை அவர்கள் தொடங்கினர். அதனைத் தொடங்கிய லாலே உஸ்மானி, கம்பளத்திற்குப் பேர்போன ஹிராத்தைச் சேர்ந்தவர் என்பது நினைக்கத்தக்கது. திருமண அழைப்பிதழிலும் கல்லறைக் கல்லிலும்கூடப் பெண்ணின் பெயர் மறைக்கப்படுவதை அவர்கள் கடிந்தனர். 2020-இல் அடையாள அட்டையில் தாயின் பெயரையும் பொறிக்க அந்நாட்டுச் சட்டம் திருத்தப்பட்டது. சேகரிப்போர் எந்த வழக்கத்தின் பின்னே ஒளிந்தனரோ, அவ்வழக்கத்தையே எதிர்த்து நெய்தவரின் ஊராரும் உறவினரும் வீதிக்கும் ஏட்டுக்கும் வந்தனர். மதிப்பு என்று இவர்கள் கூறியது வெறும் சோம்பலே என்பது அன்று வெளிப்பட்டது.

மற்றொரு தடை இதனினும் வலியது. 2021 ஆகஸ்டில் தாலிபான்கள் மீண்டும் ஆட்சியைக் கைப்பற்றினர். சிறுமியர்க்கு உயர்நிலைப் பள்ளியும், 2022 டிசம்பரில் மகளிர்க்குப் பல்கலைக்கழகமும் அடைக்கப்பட்டன. கல்வியும் அலுவலும் இழந்த மகளிர் பலர் வீட்டுத் தறியிடம் திரும்பினர். ‘இந்நிலையில் பெயரை வெளியிட்டால் அவர்க்குத் தீங்கு வாராதோ?’ என்று வினவுவோர் உளர். நேர்மையான வினா இது, இதற்குத் தலைவணங்குகிறோம். பெயரை இன்றே அட்டையில் பொறிக்க வேண்டும் என்று நாம் கூறவில்லை. குறித்து வைத்தலும் வெளியிடலும் வேறுவேறு. அவள் இசைவோடு குறித்து, பூட்டி வைத்து, அச்சம் நீங்கும் காலத்தில் வெளியிடலாம். அன்றியும், பெயரைக் கேட்கும் பழக்கம் 2021-க்கு முந்தைய இருபது ஆண்டுகளில் இருந்ததா? அக்காலத்தில் அயல்நாட்டார் ஆயிரக்கணக்கில் காபூலில் உலவினர். கம்பளங்களைப் பெட்டி பெட்டியாக வாங்கினர். அன்று கேளாதவர் இன்று அச்சத்தைக் காரணம் காட்டுதல் ஏற்புடையதன்று.

‘பல கை மாறி வரும் சரக்கில் தறியைக் கண்டறிதல் இயலாது’ என்பது மூன்றாம் தடை. இயலும் என்பதை நம் நாடே காட்டியுள்ளது. 1994-இல் கைலாஷ் சத்யார்த்தியின் முயற்சியால் தோன்றிய ‘ரக்மார்க்’ முத்திரை, குழந்தை உழைப்பின்றி நெய்த கம்பளம் ஒவ்வொன்றிற்கும் ஓர் எண்ணைத் தந்தது. அவ்வெண்ணைக்கொண்டு கம்பளம் நெய்யப்பட்ட தறிவரை பின்சென்று அறியலாம். எண் தறிவரை செல்லுமாயின், தறியில் அமர்ந்தவர் பெயர் மட்டும் ஏன் வெளிவரலாகாது?

தமிழர்க்கு இது புதிய பாடம் அன்று. குறுந்தொகையைத் தொகுத்தோர்க்குச் சில பாடல்களின் ஆசிரியர் பெயர் கிடைக்கவில்லை. அவர்கள் ‘யாரோ’ என்று எழுதிக் கடக்க மனம் ஒப்பினாரில்லை. பாடலில் மின்னிய தொடரையே பெயராக்கிச் செம்புலப்பெயல்நீரார் என்றனர். பாடியவர் ஒருவர் இருந்தார், இச்சொல் அவருடையது என்பதற்கு அப்பெயரே இன்றும் சான்று பகர்கின்றது. தொகுத்தலின் அறம் இதுவே. பொருளைப் பெற்றுக்கொண்டு ஆக்கியவரை மறப்பது தொகுப்பு ஆகாது, குவிப்பே ஆகும்.

ஆதலின் நாம் வேண்டுவன மூன்று. கம்பளம் வாங்குவோர் விலையைக் கேட்குமுன் நெய்தவர் யார், எவ்வூரினர், எத்தனை திங்கள் நெய்தார், என்ன கூலி பெற்றார் என்று கேட்க வேண்டும். விடை இல்லையேல், ‘கேட்டோம், விடை இல்லை’ என்றேனும் எழுதி வைத்தல் வேண்டும். அருங்காட்சியகங்கள் இனப்பெயரோடு நில்லாமல், ‘நெய்தவர் பெயர் குறிக்கப்படவில்லை’ என்று அட்டையில் வெளிப்படையாக ஒப்புக்கொள்ள வேண்டும். குறை தம்முடையதே என்பதை அது காட்டும். விளக்கமெழுதும் அறிஞர்கள், நெய்தவரிடம் கேட்டறியாத கருத்தை அவர்தம் கருத்தாக எழுதுதல் ஒழிய வேண்டும்.

இம்மலரை வாசிக்கும் தலைநகரத் தமிழர்க்கு ஒரு சொல். லாஜ்பத் நகரின் தெருக்களில் ஆப்கானியக் குடும்பங்கள் நம்மோடு வாழ்ந்து வருகின்றன. அவர்தம் ரொட்டிக் கடைகளை நாம் அறிவோம். பிழைப்புத் தேடி வந்த ஊரில் பெயர் சிதைந்து ஒலிப்பதன் வருத்தத்தை நாமும் அறிவோம். கம்பளம் வாங்க விரும்புவோர் வாங்குக. அதனைக் கொண்டு வந்தவரிடம் நெய்தவரைப் பற்றிக் கேட்டு வாங்குக. நம் அன்பரின் சுவரில் இன்றும் அக்கம்பளம் தொங்குகிறது. அதன் பின்புறத்தில் வாங்கிய நாளும் விலையும் குறித்த சீட்டு ஒன்று ஒட்டியுள்ளது. அச்சீட்டில் இன்னும் ஒரு வரிக்கு இடம் இருக்கிறது.