தோட்டாவுக்குக் கணக்கு உண்டு, துப்பாக்கிக்கு?

டிஸ்கி: துப்பாக்கி நல்லதா கெட்டதா என்ற பஞ்சாயத்துக்கு நான் வரவில்லை. அது ஒரு இயந்திரம். எந்த இயந்திரமும் தேயும். மெக்கானிக்கல் படிக்கிறவன் புத்தி வேறு எங்கே போகும்? :-)

பழைய பைக் வாங்கப் போனால் முதலில் எதைப் பார்ப்போம்? மீட்டரில் எத்தனை கிலோமீட்டர் என்று. (திருப்பி வைத்திருப்பானோ என்று சந்தேகமும் படுவோம், அது தனிக் கதை.) ஜெனரேட்டருக்கு எத்தனை மணி நேரம் ஓடியது என்று கணக்கு. விமானத்துக்கு எத்தனை முறை ஏறி இறங்கியது என்று கணக்கு. ஆனால் ஒரு துப்பாக்கியைக் காட்டி "இது இதுவரை எத்தனை ரவுண்டு சுட்டிருக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் கிடைக்கும் பதில் இரண்டுதான்: "தெரியலையே", "நிறைய இருக்கும்".

இதில் வேடிக்கை என்னவென்றால், தோட்டாவுக்கு மட்டும் கணக்கு பக்காவாக இருக்கும். என்.சி.சி.யில் இருந்த நண்பர்களைக் கேளுங்கள். ரேஞ்சில் சுட்டு முடித்ததும் புல்லில் கிடக்கும் காலிக் குப்பிகளைப் பொறுக்கி, எண்ணி, ஒப்படைத்தாக வேண்டும். நம் நாட்டில் தனியார் துப்பாக்கி உரிமத்திலும் எத்தனை தோட்டா வாங்கலாம், எத்தனை வாங்கினார் என்பதற்கு இடம் உண்டு. அந்தத் தோட்டாக்கள் எல்லாம் எந்த இரும்பு வழியாகப் போயினவோ, அந்த இரும்பின் மொத்தக் கணக்கை மட்டும் யாரும் கேட்பதில்லை. சாப்பிட்ட இலையை எண்ணுகிறோம், சாப்பிட்டவன் வயிற்றைப் பற்றிக் கவலையில்லை.

ஏன் கேட்க வேண்டும்? ஒரு சாதாரண 9 மி.மீ. கைத்துப்பாக்கியை எடுத்துக்கொள்வோம். சுடும் அந்த நொடியில் உள்ளே எழும் அழுத்தம், கார் டயரில் இருப்பதைப் போல் சுமார் ஆயிரம் மடங்கு. ஒவ்வொரு முறையும் ஸ்லைடு பின்னால் போய் மோதும், ஸ்பிரிங் அதை முன்னால் தள்ளும். ஸ்பிரிங் கொஞ்சம் தளரும். குழலின் தொடக்கப் பகுதியைச் சூடான வாயு கொஞ்சம் அரிக்கும். ஒரு தடவையில் ஒன்றும் தெரியாது. ஐயாயிரம் தடவையில்?

ஜெர்மானிய ரயில்வே எஞ்சினியர் ஆகஸ்ட் வோலர் 1850களிலும் 1860களிலும் ரயில் அச்சுகளை வைத்துக் கண்டுபிடித்ததும் இதைத்தான். ஒரே அடியில் உடையாத இரும்பு, அதைவிடச் சிறிய அடி பல்லாயிரம் முறை விழுந்தால் உடையும். அடியின் பலம் மட்டும் முக்கியமில்லை, எத்தனையாவது அடி என்பதும் முக்கியம். இதில் பயங்கரம் என்னவென்றால், கடைசி நாள் வரை வெளியே பளபளவென்று இருக்கும். விரிசல் உள்ளே வளர்ந்துகொண்டிருக்கும். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாத இடத்தில் எண்ணிக்கை ஒன்றுதான் துணை.

இது வெறும் பாடப் புத்தகக் கதை இல்லை. அமெரிக்கப் படைகள் 1985-ல் பெரெட்டா எம்9 கைத்துப்பாக்கியைத் தேர்ந்தெடுத்தன. அடுத்த சில ஆண்டுகளில் சில துப்பாக்கிகளில் சுடும்போதே ஸ்லைடு இரண்டாக உடைந்தது. உடைந்த பின்பாதி எங்கே பாயும்? சுடுகிறவர் முகத்தை நோக்கித்தான். காயம் பட்டவர்களும் உண்டு. தப்பு உலோகத்திலா, அதிக அழுத்தம் கொண்ட தோட்டாவிலா என்று இரு தரப்பும் வாதாடின. பிறகு, ஸ்லைடு உடைந்தாலும் பின்னால் பறந்து வராதபடி உள்ளே ஒரு பின்னின் தலையைப் பெரிதாக்கினார்கள். ஆனால் அதற்கு முன்னால் ராணுவம் அவசரமாகச் செய்தது என்ன தெரியுமா? இத்தனை ரவுண்டுக்கு ஒரு முறை ஸ்லைடை மாற்று என்று உத்தரவு போட்டது. முதலில் 3,000 என்றார்கள், பிறகு 1,000 என்று குறைத்தார்கள்.

உத்தரவு சரி. ஆனால் கையில் இருக்கும் துப்பாக்கி சுட்டது 900-ஆ 1,900-ஆ என்று தெரியாதவனுக்கு அந்த உத்தரவால் என்ன பயன்? எண்ணிக்கை இல்லாத இடத்தில் பாதுகாப்பு விதி வெறும் காகிதம்.

"அதெல்லாம் நடக்கிற காரியமா?" என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பீரங்கிக்காரர்கள் இதைக் காலம் காலமாகச் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். ஒவ்வொரு குழலுக்கும் ஒரு பதிவேடு இருக்கும். அதிலும் நுணுக்கமாக, முழு அளவு வெடிமருந்தோடு சுட்டால் ஒன்று, குறைந்த அளவில் சுட்டால் அதற்கேற்ற பின்னம் என்று கூட்டுவார்கள். முதல் உலகப் போரில், 1918-ல், ஜெர்மனி சுமார் 120 கி.மீ. தூரத்திலிருந்து பாரிஸ் நகரத்தைச் சுட்ட ராட்சத பீரங்கி இதன் உச்சம். ஒவ்வொரு சுடலுக்கும் குழல் அவ்வளவு வேகமாகத் தேய்ந்தது. அதனால் குண்டுகளுக்கு வரிசை எண் போட்டு, ஒவ்வொன்றையும் முந்தையதைவிடக் கொஞ்சம் பெரிதாகச் செய்தார்கள். வரிசை மாறக் கூடாது. சுமார் 65 சுட்டதும் குழலைக் கழற்றிக் கடைசலுக்கு அனுப்ப வேண்டியதுதான். அங்கே எண்ணாமல் சுடுவது என்ற பேச்சே இல்லை.

சின்னத் துப்பாக்கியில் இந்த ஒழுங்கு ஏன் தளர்கிறது? விலை குறைவு, எண்ணிக்கை அதிகம், கை மாறிக்கொண்டே இருக்கும். இன்று ஒருவர் எடுப்பார், நாளை இன்னொருவர். எல்லோருக்கும் பொதுவானது யாருக்கும் சொந்தமில்லை, ஹாஸ்டல் பக்கெட் மாதிரி.

எண்ணிக்கை மட்டுமே எல்லாம் சொல்லாது என்பதும் உண்மைதான். ஆயிரம் ரவுண்டை ஒரு வருஷம் நிதானமாகச் சுட்டதும், ஒரே மதியத்தில் சடசடவென்று சுட்டுத் தள்ளியதும் ஒன்றல்ல. சூடு ஏற ஏறக் குழல் சீக்கிரம் போகும். ஆனால் பைக்கிலும் அப்படித்தானே? காட்டு ஓட்டம் ஓட்டினால் எஞ்சின் சீக்கிரம் போகும். அதற்காக மீட்டரைப் பிடுங்கியா எறிகிறோம்?

சுட்டதை உணர்ந்து தானே எண்ணும் கருவிகளும் வந்துவிட்டன. பெல்ஜியத்தின் எஃப்.என். ஹெர்ஸ்டால் நிறுவனம் அப்படி ஒன்றைத் தயாரித்திருக்கிறது. நல்ல விஷயம். ஆனால் அது வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை என்பதுதான் என் கட்சி. தோட்டா கொடுக்கும்போது ஒரு நோட்டில் எண்ணை எழுதிக் கையெழுத்து வாங்குகிறார்கள் இல்லையா? அதே எண்ணை அந்தத் துப்பாக்கியின் பக்கத்திலும் எழுதி, பழைய மொத்தத்தோடு கூட்டுங்கள். ஒரு நாற்பது பக்க நோட்டு, ஒரு பேனா, அரை நிமிஷம். துப்பாக்கி எந்தக் கைக்குப் போனாலும் அந்தப் பக்கமும் கூடவே போகட்டும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிகிறது. 1919 ஏப்ரல் 13, ஜாலியன்வாலா பாக். செத்தவர்கள் எத்தனை பேர் என்பதில் நூறு வருஷத்துக்கு மேலாகியும் ஒற்றுமை இல்லை. அரசு 379 என்றது, காங்கிரஸ் விசாரணை ஆயிரத்தை ஒட்டிச் சொன்னது. ஆனால் ஒரு எண்ணில் மட்டும் யாருக்கும் சண்டையில்லை: 1,650 ரவுண்டு. டயரே சொன்னது. சுட்டவர்கள் 50 பேர், சராசரியாக ஆளுக்கு 33. "கூட்டத்தைக் கலைக்கச் சுட்டேன்" என்று யார் என்ன சமாதானம் சொன்னாலும், அந்த எண் முன்னால் வந்து நின்றுவிடுகிறது. செத்தவர்களை எண்ண விடாமல் செய்ய முடிந்தது, சுட்டதை மறைக்க முடியவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், இந்தக் கணக்கு ஸ்பிரிங் மாற்றுவதற்கு மட்டும் இல்லை. ஒவ்வொரு துப்பாக்கியிலும் மொத்தம் எழுதியிருந்தால், நேற்று 2,140 என்று இருந்தது இன்று 2,152 ஆனால், அந்தப் பன்னிரண்டு எங்கே போனது என்று ஒருவர் கேட்கலாம், ஒருவர் பதில் சொல்லியாக வேண்டும். அடுத்து அதைக் கையில் எடுப்பவனுக்கும் அது காப்பு, அதன் எதிரே நிற்பவனுக்கும் காப்பு.

மளிகைக் கடை அண்ணாச்சி நாலு ரூபாய் பாக்கியை மறக்காமல் எழுதி வைக்கிறார். உயிரை எடுக்கக்கூடிய இரும்புக்கு ஒரு பக்கம் ஒதுக்கக் கூடாதா?